மூன்று வீட்டுச் சைரன்

புனிதாவைக் கொலைகாரி என்று இனி யாரும் என் காதுபடச் சொல்ல வேண்டாம். பாசாருக்குப் போனாலும் அந்தப் பேச்சுதான், கோயிலில் பிரசாதத்துக்கு நின்றாலும் அந்தப் பேச்சுதான். "சும்மா கெடந்த சைரன அடிச்சு கெழவிய கொன்னுட்டா லா" என்கிறார்கள். "கையில போன குடுத்துட்டா பெரிய ஆபிசர்னு நெனப்பு" என்கிறார்கள். எந்த வாய்க்கும் பூட்டு இல்லை. நான் அவள் வீட்டுக்கு எதிர்வீடு. நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். நான் சொல்லுகிறேன், ஒரு வார்த்தை மாற்றாமல் எழுது.

கிள்ளானில் எங்கள் சந்து, நாங்கள் லோரோங் என்போம், கால்வாயில் போய் முடிகிறது. இரண்டு பக்கமும் மாடி இல்லாத வரிசை வீடுகள், கோடியில் கரை. கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும். கடல் பொங்குகிற நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. எங்களிடமே திரும்பி வரும்.

புனிதா சாலாக் செலாத்தான் என்ற ஊரில் பிறந்து இங்கே வாழ வந்தவள். கையுறை பாக்டரியில் பெட்டி போடுகிற வேலை. அவளைப் போலப் பயந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் மெயின் சுவிட்சை அடைத்துவிடுவாள். போலீஸ் மோட்டார் சைக்கிள் லோரோங்குக்குள் வந்தால், ஒன்றும் செய்யாதவள், உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். அவள் புருஷன் சுகுமாறன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். "பாட்டி, இவள நம்பி ஒரு பல்லிய கூட வெரட்ட முடியாது" என்று கேலி செய்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தப் பெரிய வெள்ளம் வந்த சனிக்கிழமை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குசினியில் கழிவுநீர் போகிற ஓட்டை வழியாகத்தான் முதலில் தண்ணீர் வந்தது. பிறகு முன்வாசல் வழியாக வந்தது. வேன் போனால் பிழைப்பு போய்விடும் என்று சுகுமாறன் அதை மேட்டுக்கு ஏற்றப் போனான். புனிதாவும் மகள் தாமரையும் நானும் என் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தோம். பார்க்கப் பார்க்கத் தண்ணீர் ஏறியது. பிளாஸ்டிக் நாற்காலி, கோழிக்கூண்டு, யார் வீட்டுச் சாமிப் படமோ, எல்லாம் எங்கள் காலுக்குக் கீழே மிதந்து போயின. தாமரைக்கு அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. தண்ணீர் வடிந்த பிறகு பாலத்தடியில் அவனை எடுத்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து நகராண்மைக் கழகத்து ஆட்கள் வந்தார்கள். விவேக நகரத் திட்டமாம், ஸ்மார்ட் சிட்டி என்றார்கள். டேவானில், எங்கள் பொது மண்டபத்தில், கூட்டம் போட்டு, எல்லாருக்கும் மீஹூன் பொட்டலம் கொடுத்தார்கள். ஜெயந்திரன் என்று ஒரு அதிகாரி, நம் பிள்ளைதான், நல்ல தமிழ் பேசினான். கால்வாயில் ஒரு கம்பி நட்டு வைப்பார்களாம், தண்ணீர் ஏறினால் அது போனுக்குச் செய்தி அனுப்புமாம். ஆனால் அந்தக் கம்பியை மட்டும் நம்பிச் சைரன் அடிக்க மாட்டார்களாம்.

"குப்ப மாட்டுனா கூட கம்பி தப்பா சொல்லும்" என்றான் ஜெயந்திரன். "அதனால ஒங்கள கேக்கும். தண்ணி ஏறுதான்னு நீங்க கண்ணால பாத்துட்டு 'ஆமா'ன்னு அழுத்தணும். மூணு வீடு அழுத்துனா சைரன் அடிக்கும். இது மக்களோட சைரன். ஒவ்வொரு வீடும் பதிஞ்சிக்குங்க."

பக்கிரிசாமி எழுந்தான். என் வீட்டுக்கு அடுத்த வீடு, லோரி டிரைவர். "தம்பி, போன்ல போடுற அந்த அப்பு வீட்ட படம் புடிக்குமா?"

"படமெல்லாம் புடிக்காதுண்ணே. வீடு எங்க இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான்."

இந்த ஒரு வார்த்தையில் மீஹூன் தின்றுகொண்டிருந்தவர்கள் பொட்டலத்தை மூடிவிட்டார்கள். ஏன் என்று எங்கள் லோரோங்கில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் பின்னால் ஒட்டுப்போட்ட குசினி. பின்சந்துக்கு விட வேண்டிய இடத்தில் சுவர் எழுப்பி, தகரம் போட்டு, அடுப்பும் வாஷிங் மெஷினும் வைத்திருக்கிறோம். பெர்மிட் எவரிடமும் கிடையாது. போன் வழியாக வீட்டுக்குள் கண் வைத்து, ஒருநாள் புல்டோசரோடு வந்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம். மறுக்கவும் பயம், மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே. அதனால் அதிகாரி முன்னால் எல்லாரும் சிரித்துக்கொண்டே பதிந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் வீட்டில் கிடந்த பழைய போனில்தான் பதிந்தார்கள். என்னிடம் மட்டும் போன் கிடையாது, அதனால் நான் பதியவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் எங்கள் ஆட்களின் புத்தி. ஒவ்வொருவராக வந்து அந்தப் போனைப் புனிதா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதலில் வந்தவன் பக்கிரிசாமி.

"தங்கச்சி, இது ஒன் வீட்டுலயே இருக்கட்டும். இங்க இருந்தா என் குசினி அவனுக்குத் தெரியாதுல்ல."

"அண்ணே, நீங்க பாத்து நீங்கதான அழுத்தணும்?"

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான். கோயில் சாவிய ஒருத்தர்கிட்ட குடுக்குறதில்லையா? அப்படி நெனச்சுக்க."

புனிதாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் போட்டுச் சாமி மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். தினமும் மாற்றி மாற்றிச் சார்ஜ் போட்டாள். அவள் பயந்தவள் என்று சொன்னேன் இல்லையா, அந்தப் பயத்தாலேயே தினம் காலையும் மாலையும் கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவாள். சுகுமாறன் போன பிறகு ஒருநாளும் தவறியதில்லை.

தீபாவளிக்கு முதல்நாள் பிற்பகல். எல்லா வீட்டிலும் முறுக்கு வேகிற வாசம். மேலே எங்கோ பெய்த மழை எங்களுக்குக் கால்வாயில் வந்தது. 'தண்ணி ஏறுதா?' என்று போன் கேட்டது. புனிதா கரைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். தண்ணீர் கரையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன், ஒரு சாண் கூடப் பாக்கி இல்லை. அவள் திரும்பி ஓடினாள். பையில் கை விட்டு, தன் போனில் அழுத்தினாள், கையில் அகப்பட்ட இன்னும் இரண்டு போனில் அழுத்தினாள். அதில் ஒன்று பக்கிரிசாமியுடையது.

சைரன் அடித்தது. ஐயோ, அந்தச் சத்தம். அடுப்பில் எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு ஓடினவர்கள் உண்டு. பக்கிரிசாமி வீட்டில் அவன் தாயார் மாரியாயி படுத்த படுக்கை. அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அவனும் அவன் மச்சானும் தூக்கி வந்தார்கள். வாசல் போர்ச்சில் நாற்காலிக் கால் முறிந்தது. கிழவி சிமெண்டில் விழுந்தாள்.

அந்த நேரத்தில் ஆற்றுப் பக்கம் மதகைத் திறந்து பம்பை ஓட்டிவிட்டார்கள். தண்ணீர் இறங்கியது. மேட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் காய்ந்த வாசலைப் பார்த்தார்கள், கருகிப்போன முறுக்கைப் பார்த்தார்கள். கரையின் விளிம்பு நனைந்திருந்ததை எவன் போய்ப் பார்த்தான்?

மாரியாயிக்கு இடுப்பு எலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியிலேயே கிடந்து கார்த்திகைக்குள் போய்ச் சேர்ந்தாள். எனக்குத் தோழி அவள். அவளுக்காக நான் அழாத நாள் இல்லை. அதற்காக இவளைப் பழி சொல்ல என் நாக்கு வராது.

சாவு வீட்டுக்குப் புனிதா போனாள். பக்கிரிசாமி எல்லார் முன்னாலும் கேட்டைச் சாத்தினான். "ஒன் புருஷன் போனான்னு ஊர்ல எல்லாரையும் அனுப்பி வைக்க பாக்குறியா?" என்றான். அவள் கையில் மாலையோடு ரோட்டில் நின்றாள். பிறகு மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த வாரம் ஜெயந்திரன் வந்தான். முகம் சரியில்லை. "அக்கா, மூணு வீட்டு பதிலும் ஒரே வீட்டுலேர்ந்து வந்திருக்கு. பொய் எச்சரிக்கைன்னு மேல பேசுறாங்க. ஒரு உயிரும் போயிருச்சு. இது போலீஸ் வரைக்கும் போகலாம். யார் யார் தானா வந்து போன குடுத்தாங்க?"

லோரோங்கே அவள் வாசலில் கூடியிருந்தது. "என் போன் அப்பவே தொலஞ்சு போச்சு சார்" என்றது ஒரு குரல். "எங்க வீட்டுல போனே இல்ல" என்றது இன்னொன்று. பக்கிரிசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். புனிதாவின் உதடு ஆடுவதை நான் பார்த்தேன். ஒரு பெயர் சொன்னால் அவள் பாரம் பாதி இறங்கியிருக்கும்.

"நானா கேட்டு வாங்குனேன் சார்" என்றாள். "அவங்க மேல தப்பு இல்ல."

பையை அவிழ்த்து, ஜெயந்திரன் சொன்னபடி, அவரவர் போனை அவரவர் வீட்டில் கொடுத்தாள். பலர் கையில் வாங்கவில்லை, கேட் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து அவள் கேட்டைத் தாண்டவில்லை. பாக்டரிக்குப் போவதை நிறுத்தினாள். கரைக்குப் போவதையும் நிறுத்தினாள். யாரோ பெயர் சொல்லாமல் போனில் குரல் பதிவு அனுப்பினான்: "இன்னொரு தடவ சைரன் அடிச்சா வீட்டோட கொளுத்துவோம்." தாமரை அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். தெரிந்த குரல்தான், யாரென்று நான் சொல்ல மாட்டேன். வாசலில் அழுகின முட்டை கிடக்கும், நான் போய்க் கழுவுவேன். "பாட்டி, மோட்டார் சத்தம் கேட்டா மூத்திரம் வந்துரும் போல இருக்கு" என்பாள் புனிதா. சோறு உள்ளே இறங்கவில்லை. கண் குழிந்துபோயிற்று. குற்றம் செய்தவள் ஒளிந்திருக்கிறாள் என்று வெளியே பேசினார்கள். ஒளிந்திருந்தாளாம். பயத்தில் செத்துக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் அந்த நாள் வந்தது. முதல்நாள் தொடங்கிய மழை விடியக்காலையிலும் நிற்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறை, தாமரை வீட்டில் இருந்தாள். தனியாக இருக்க முடியாமல் நானும் அங்கே போய் உட்கார்ந்தேன். கடல் பொங்குகிற நாள் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கரை தெரியவில்லை, மழைதான் தெரிந்தது.

போன் கேட்டது.

புனிதா அதைப் பார்த்தபடியே இருந்தாள். பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். குசினியில் இருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கும் தெரியும் அந்தச் சத்தம், அவளுக்கும் தெரியும். ஓட்டைக்குள் தண்ணீர் குமிழி விட்டது.

அவள் 'ஆமா' என்று அழுத்தினாள். நாங்கள் காத்திருந்தோம். ஒரு வீடு என்றது போன். அப்படியே இருந்தது. ஒரு வீடுதான்.

எல்லாருக்கும் கூப்பிட்டாள். ஒருவரும் எடுக்கவில்லை. ஜெயந்திரனுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, நான் பம்பு வீட்டுல இருக்கேன், மதகு திறக்க முடியல, கடல் மேல நிக்குது. மூணு வீடு இல்லாம நான் இங்கேர்ந்து அடிக்க முடியாதுக்கா. இன்னும் ரெண்டு பேர அழுத்த சொல்லுங்க!" என்று கத்தினான். லைன் அறுந்தது.

தாமரை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. போன தடவ மாதிரி தண்ணி எறங்கிட்டா? அடிச்சே கொன்னுருவாங்கம்மா. நாம மட்டும் மேட்டுக்கு போயிருவோம். பாட்டியையும் கூட்டிக்கிட்டு போயிருவோம்."

நானும் அதைத்தான் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? "புள்ள, கெளம்பு, நாம போவோம். ஒனக்கு கதவ சாத்துனவங்களுக்கு நீ என்ன பண்ண முடியும்" என்றேன்.

புனிதா எதிர்வரிசைப் பக்கம் திரும்பினாள். "பக்கிரிசாமி அண்ணன் வீட்டுல புள்ளைங்க தூங்குதுங்க பாட்டி" என்றாள். "நேத்து ராத்திரிதான் மருமக வந்துச்சு. கைக்கொழந்த." பிறகு, "நீங்க ரெண்டு பேரும் மேட்டுக்கு போங்க" என்றாள்.

கம்பிக்கதவுப் பூட்டில் சாவியை நுழைக்கப் போனாள். சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. தாமரைதான் எடுத்துத் திறந்துவிட்டாள், அழுதுகொண்டே. புனிதா குடை எடுக்கவில்லை. வாசலில் ஒரு கணம் நின்றாள். ரோட்டில் தண்ணீர் கணுக்கால் அளவு வந்திருந்தது. காலை எடுத்து வைத்தாள்.

நாங்கள் மேட்டுக்குப் போகவில்லை. கால் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றோம்.

பக்கிரிசாமி வீட்டுக் கேட்டை இரண்டு கையாலும் அடித்தாள். "அண்ணே! அண்ணே! போன எடுங்கண்ணே!" மழையில் அவள் குரல் கீச்சென்று கேட்டது. அவன் வெளியே வந்தான். கையில் ஒரு இரும்புக் குழாய். அவள் பின்வாங்கினாள், ஆனால் கேட்டை விடவில்லை. "அடிக்கிறதுன்னா அப்புறமா அடிங்கண்ணே. மொதல்ல கீழ பாருங்க" என்றாள்.

அவன் கீழே பார்த்தான். அவன் காலைச் சுற்றித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. போர்ச்சில் இருந்த செருப்புகள் உள்ளே மிதந்துகொண்டிருந்தன.

குழாயைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். போனோடு வந்தான். "சார்ஜ் இல்ல! செத்து கெடக்கு!" என்று அலறினான். "லோரியில சொருவுங்கண்ணே!" என்றாள் அவள். அவன் லோரிக்குள் ஏறி அங்கிருந்த சார்ஜரில் சொருகிவிட்டு, உயிர் வரட்டும் என்று அந்தப் போனைக் கையில் வைத்து உலுக்கினான். உள்ளே கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

புனிதா அங்கே நிற்கவில்லை. இன்னும் ஒரு வீடு வேண்டுமே. முழங்கால் தண்ணீரில், நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த கேட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.