படர்தாமரைக்கு ஒரு எண்

நோய்க்கெல்லாம் எண் போடும் மெடிக்கல் கோடிங் ஆபீசில் அவளுக்குப் பூஞ்சைக்காரி என்றே பெயர். படர்தாமரை தலையில் வந்தால் ஒரு எண், காலில் வந்தால் வேறு எண். டாக்டரின் குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் போட்டுத் தள்ளுவாள்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. புருஷன் ஒரு மாதமாக ஹாலில் தனியாகப் படுத்தான். கேட்டால், “உள்ள ஒரே புழுக்கம்” என்று மழுப்பினான். நம்மைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அவள் உள்ளுக்குள் குமைந்தாள்.

இன்று காலை அவன் சட்டை மாற்றும்போது பார்த்துவிட்டாள். முதுகு முழுக்க வட்டம் வட்டமாகச் சிவந்திருந்தது. எண் தானாக அவள் வாயில் வந்துவிட்டது. சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

“இதையா மறைச்சீங்க? நாள் பூரா இதைத்தானே பாக்கறேன், எங்கிட்ட சொல்லக்கூடாதா?”

அவன் சட்டையை இழுத்து மூடிக்கொண்டான்.

“சொன்னா இப்படித்தான் நம்பரைப் போட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவ.”