தையக்காரம்மா வூடு எது?

"…வழி கேட்டு வந்தாங்கன்னா காட்டுங்க, ஆனா 'நொண்டி வூடு'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா. தையக்காரம்மா வூடுன்னு சொல்லுங்க. வாயி ஒண்ணும் வலிச்சிடாது," என்றாள் அவள், டீக்கடைப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு.

வடக்கனந்தலில் அவளுக்குத் தையல் கடை. நான் அங்கே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு ஒரு கால் சூம்பிப்போனது. அன்றிலிருந்து வீட்டுக்கே அந்தப் பெயர். எங்கள் பக்கம் அப்படித்தான் வழி காட்டுவார்கள்: செவிடர் கழனி, ஒத்தக்கண்ணர் வூடு. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. "திட்றதுக்குச் சொன்னா சண்ட போடலாம். பாசமா சொல்றாங்களே, இன்னா பண்றது?" என்பாள்.

அன்று அவளைப் பெண் பார்க்க நைனார்பாளையத்திலிருந்து வருகிறார்கள். இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. கூட்டிவர வேண்டிய தரகர் கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் சைக்கிளில், கழனி வழியாக, கண்டவரிடமெல்லாம் வழி கேட்டுத்தான் வந்தாக வேண்டும். இது தெரிந்ததும் கட்டிய பட்டுப்புடவையோடு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரைஸ் மில்லில் சொன்னாள், மோட்டார் கொட்டகையில் சொன்னாள், கடைசியாக இந்த டீக்கடை.

"பேர மாத்திக்கினா காலு நேராயிடுமா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

"நேராவணும்னு இங்க யாரு அழுதா? காலு இப்டின்னு முன்னாடியே சொல்லியாச்சி, தெரிஞ்சிதான் வராங்க. ஆனா இந்தப் பேரையும் கேட்டுக்கினு போனாங்கன்னா அந்த ஊர்லயும் சாவுற மட்டும் எனக்கு அதான் பேரு. உங்க கடைய நாங்க சொட்டத்தலையன் கடைன்னா சொல்றோம்?"

பெஞ்சில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கடைக்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"இன்னா வாயிம்மா உனக்கு! சரி, சொல்றேன். நீ வூட்டுக்குப் போ. பொண்ணு இப்டி ரோட்ல நிக்கலாமா?"

நாங்கள் திரும்புவதற்குள் சைக்கிள்கள் வந்து நின்றன. வேட்டியெல்லாம் சேறு. பெரியவர் ஒருவர் இறங்கி, "ஏங்க, பொண்ணு பாக்க வந்தோம். அந்த நொண்டிப் பொண்ணு வூடு எதுங்க?" என்றார். வழியில் யாரோ அவருக்கு அப்படிச் சொல்லியனுப்பியிருக்க வேண்டும்.

கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் திரும்பினார்.

"அப்டி யாரும் இங்க இல்லீங்களே. தையக்காரம்மா வூடுன்னா இருக்கு."

பெரியவர் விழித்தார். பிறகு, "அதாங்க… அந்தத் தையக்காரம்மா வூடுதாங்க," என்றார்.

பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பெண் வழியிலேயே படுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடுவித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, "நாந்தாங்க அது. வாங்க, இப்டிதான் போவணும்," என்று சொல்லிவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் நடந்தாள்.