பிகாஸ் கொளஞ்சி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடும் கொளஞ்சியப்பனுக்கு 'பிகாஸ்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர்கள் நாங்கள்தான். எண்பத்தேழில் அவனோடு ஒரே டுடோரியலில், பத்தாவது ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு உட்கார்ந்திருந்த கூட்டம்.

அவனுக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஆக வேண்டும். தோளில் தோல் பை, வாயில் விசில், அவ்வளவுதான் ஆசை. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டான். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கச் சொன்னால் மட்டும் திருதிருவென்று விழிப்பான்.

"மழை பெஞ்சது, ஆத்துல வெள்ளம் வந்துச்சு. எதுப்பா காரணம்? அதுக்கு முன்னாடி பிகாஸ் போடு" என்பார் சின்னக்கண்ணு சார்.

"வெள்ளம்தான் சார் காரணம். கல்வராயன் மலையில பெஞ்சா நம்மூருக்கு மொதல்ல தண்ணிதான வருது? மழ அப்புறமாதான வருது?"

சார் தலையில் அடித்துக்கொள்வார். 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்' போடக்கூடாது என்பதும் அவன் மண்டையில் ஏறவில்லை. "ரெண்டும் இருந்தா இன்னா சார் கொறஞ்சிபூடும்?" என்று கேட்பான். "ரெண்டுல ஒண்ணுதாம்பா!" என்று சார் கத்துவார்.

செப்டம்பரில் மறுபடி பரீட்சை. அந்த வாரம்தான் கொளஞ்சியின் சாதிக்காரர்கள் கேட்ட இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. சங்கராபுரம் சாலையோரப் புளியமரங்களை அறுத்துச் சாலையில் சாய்த்தார்கள். கொளஞ்சியின் ஊருக்கு ரம்பம் வந்ததும் அவன் சித்தப்பா ராஜாங்கம் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"கோட்டா வந்தா கண்டக்டர் வேல உனுக்குதாண்டா. புடி!"

பிடித்தான். பஸ்ஸில் ஏறி வேலை பார்க்கத் துடித்தவன், பஸ் வராமலிருக்க மரம் அறுத்தான். மறுநாள் காலை பரீட்சை என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் ஒன்றாக நடந்துவிடும் என்று எப்படியோ நம்பியிருக்கிறான் பாவி.

விடிந்தது. சாய்ந்து கிடந்த மரத்தருகே ஊரே காவல் நின்றது. அதே ஊர்க் காலனியிலிருந்து ஆண்டாள் வந்தாள். கூலிவேலைக்குப் போய்க்கொண்டே எங்களோடு படித்த பெண். கையில் ஹால் டிக்கெட்.

"இன்னாங்க, பரீட்சைக்கி வரலீங்களா?"

"பஸ்ஸு இல்லியே" என்றான் கொளஞ்சி.

"நடந்துதாங்க போவணும். வாங்க, நேரமாவுது."

ஓர் அடி எடுத்து வைத்தான். ராஜாங்கம் முறைத்தார். "அறுத்தவனே தாண்டிப் போனா ஊரு இன்னாடா பேசும்?"

எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்தான். மறுபடி முன்னால் வைத்தான். மறுபடி இழுத்தான். ஆண்டாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மரத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள். பரீட்சை அறைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவளிடம், "கொளஞ்சி எங்கே?" என்று ஜாடையில் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். நடந்ததை அப்புறம்தான் சொன்னாள்.

ஆண்டாள் தேறி, சத்துணவு அமைப்பாளர் ஆனாள். கொளஞ்சி அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. இரண்டு வருஷத்தில் ஒதுக்கீடும் வந்தது. பத்தாவது தேறாதவனை எந்தக் கோட்டாவில் சேர்ப்பது?

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன். "ஏன்டா, அன்னிக்கி மரம் அறுத்ததாலதான உன் வேலை போச்சு?"

டீயைக் கீழே வைத்தான். "அப்பிடிச் சொன்னா நாங்க பண்ணது தப்புன்னு ஆவுது. எங்கக்கா மொவன் இளவரசன் அந்தக் கோட்டாலதான் கண்டக்டர் ஆனான். அப்ப நான் அறுத்தது சரிதான? சரின்னா நான் ஏன் இங்க கத்திக்கினு நிக்கிறேன்? எதுக்கு எது காரணம்னு இன்னும் வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை.

அப்போது சங்கராபுரம் போகும் அரசு பஸ் கிளம்பி வந்து அவன் பின்னால் நின்றது. படியில் இளவரசன், தோளில் தோல் பை.

"மாமா, வழியில நிக்காத. ஓரமாப் போ, வண்டி எடுக்கணும்" என்று விசில் அடித்தான்.

கொளஞ்சியப்பன் ஓரமாகப் போய் நின்றான்.