செல்லப்பன் இறங்கிய தொட்டி

இதை நம்பும்படி யாரையும் வற்புறுத்தப்போவதில்லை. ஆனால் இது நடந்தது. பெக்கான் நானாஸில், அன்னாசி ஆலைக்குப் பின்னால் இருந்த சப் ஸ்டேஷனில் நடந்தது. ராத்திரியில் கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். கனகசபை தன் வாழ்நாளில் இதை இரண்டொரு தடவைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். சொன்னபோதெல்லாம் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

1934ஆம் வருடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கனகசபை மலாயாவில், ஜொகூரில் மின்சார இலாகாவின் ஓவர்சியராக இருந்தார். ஊர் ஊராகப் போய், டிரான்ஸ்ஃபார்மர்கள் பழுதாவதற்கு முன்பே அவற்றைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. வருடத்துக்கு ஒரு முறை மின்சாரத்தை நிறுத்துவார்கள். தொட்டியின் இரும்பு மூடியைக் கழற்றுவார்கள். உள்ளே இருக்கும் எண்ணெயை உருளைகளில் இறக்கி வடிகட்டுவார்கள். கம்பிச் சுருள்களைச் சங்கிலி போட்டு மேலே தூக்கிவிட்டு, தொட்டியின் அடியில் தங்கிய கசண்டை ஓர் ஆள் இறங்கித் துடைப்பான். பிறகு எல்லாவற்றையும் பழையபடி இறக்கி, எண்ணெயை ஊற்றி, மூடியைப் போட்டு முறுக்குவார்கள். அவ்வளவுதான் வேலை. பயப்பட அதில் ஒன்றுமில்லை.

கனகசபையோடு போனவர்கள் இரண்டு பேர். வீரமுத்து நல்ல தேகக்கட்டு உள்ளவன், அதிகம் பேசமாட்டான். செல்லப்பன் ஒல்லி. தொட்டிக்குள் இறங்குவது எப்போதும் அவன்தான். இடக்கைப் பழக்கக்காரன். வாய் ஓயாது. தொட்டிக்குள் இறங்கினாலும் பேச்சு நிற்காது. உள்ளேயிருந்து அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்துகொண்டே இருக்கும்.

லாரி ஓட்டியவர் டோலா என்ற மலாய்க்காரர். அவர் சப் ஸ்டேஷன் வாசலில் லாரியை நிறுத்திவிட்டு அதிலேயே படுத்துக்கொண்டார்.

காலை எட்டு மணிக்கு பவர் ஹவுஸில் தம்பிராஜா மின்சாரத்தை நிறுத்தினார். கனகசபை பாதுகாப்புக்காகக் கம்பிகளைத் தரையோடு சேர்த்துக் கட்டினார். அது வரை இரைந்துகொண்டிருந்த கட்டடம் சட்டென்று அமைதியானது. எண்ணெய் இறங்கியது. சுருள்கள் சங்கிலியில் ஏறி, கூரைக்குக் கீழே தொங்கின. செல்லப்பன் ஏணியைத் தொட்டிக்குள் விட்டு இறங்கினான்.

"மாப்ள, எம் பொண்டாட்டி இன்னிக்கும் கருவாடுதான் கட்டிக் குடுத்திருக்கா" என்றான் உள்ளேயிருந்து. "நீ கோழி வச்சிருந்தா மாத்திக்கலாம்."

"பேசாம துடை" என்றான் வீரமுத்து.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. கனகசபையும் வீரமுத்தும் வாசல் பக்கம் எண்ணெய் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லப்பன் பேசுவதும் துணியால் துடைப்பதும் மழைச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நேரத்தில் அது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கனகசபைக்குத் தெரியவில்லை.

"செல்லப்பன்?"

மழைதான் இரைந்தது.

"டேய், செல்லப்பன்! நித்திரையோ?"

கனகசபை எழுந்து உள்ளே போனார். செல்லப்பன் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

"எப்ப ஏறி வந்தனி? முடிஞ்சிட்டுதோ?"

"முடிஞ்சுதுங்க ஐயா."

கனகசபை அவனை மேலும் கீழும் பார்த்தார். கசண்டு துடைத்துவிட்டு வருபவன் முழங்கை வரை கறுத்திருப்பான். முகத்தில் கூட அப்பியிருக்கும். செல்லப்பன் மேல் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. சட்டை, கை, நகக்கண் எல்லாம் சுத்தமாக இருந்தன. மழைத் தண்ணீரில் கழுவியிருப்பான் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் சட்டை நனைந்திருக்கவில்லை.

வீரமுத்து வந்து ஏணியை வெளியே இழுத்தான். ஏணி வரவில்லை. மறுபடி இழுத்தான். பிறகு சட்டென்று வந்துவிட்டது. அவன் இரண்டடி பின்னால் தள்ளாடினான்.

"என்ன?"

"தெரியலீங்க. கீழ யாரோ புடிச்சு விட்ட மாதிரி இருந்துச்சு."

கனகசபை டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்த்தார். நாலு பக்கமும் இரும்புத் தகடு. அடித்தளம் பளிச்சென்று துடைத்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

சுருள்களை இறக்கினார்கள். சாப்பிட உட்கார்ந்தார்கள். செல்லப்பன் தன் தூக்குச் சட்டியைத் திறக்கவில்லை. வீரமுத்து கோழிக்கறியை நீட்டியும் வாங்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

"காய்ச்சலோ?" என்றார் கனகசபை.

"இல்லீங்க."

எண்ணெயைத் திரும்ப ஊற்றினார்கள். வடிகட்டும்போது எப்போதும் கொஞ்சம் எண்ணெய் வீணாகும். தொட்டியை நிரப்பப் புது எண்ணெய் கொஞ்சம் சேர்க்கவேண்டியிருக்கும். அன்று அப்படி இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயில் எண்ணெய் குறியைத் தொட்டுவிட்டது. உருளையில் இன்னும் இருந்தது. ஒரு தகர டின் நிறைய மிஞ்சியது.

கனகசபை டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இறக்கிய எண்ணெய் எப்படி மிஞ்சும்?

அதற்குள் ஆலையிலிருந்து ஆள் வந்துவிட்டான். வெட்டிய பழம் மலையாகக் குவிந்து கிடக்கிறது, சீக்கிரம், சீக்கிரம் என்றான். மூடியை இறக்கினார்கள். சுற்றிலும் நின்று முறுக்கினார்கள். செல்லப்பன் எதிர்ப்பக்கம் நின்று ஸ்பானரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வலக்கையால்.

கனகசபை பார்த்தார். கேட்க வேண்டாம் என்று தோன்றியது.

முன்னறையில் டெலிபோன் இருந்தது. முன்னறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அறைக்கும் நடுவே கம்பிவலைக் கதவு. மின்சாரம் விடச் சொல்வதற்கு முன், எல்லாரும் கதவுக்கு வெளியே வந்து நிற்கவேண்டும். ஓவர்சியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் வாய் திறந்து பதில் சொல்லவேண்டும். கனகசபை இந்த வழக்கத்தை ஒரு நாளும் விட்டதில்லை.

கட்டிய கம்பிகளை அவிழ்த்தார். கதவைப் பூட்டினார். டெலிபோனைச் சுற்றினார்.

"தம்பிராஜா, கொஞ்சம் நில்லும். வீரமுத்து!"

"வந்தாச்சுங்க."

"செல்லப்பன்!"

"வந்தாச்சுங்க."

"இன்னும் இல்லீங்க ஐயா..."

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டும் ஒரே குரல். ஒன்று அவருக்குப் பக்கத்தில். மற்றது கம்பிவலைக்கு அந்தப்பக்கம்.

வீரமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

கனகசபை டெலிபோனைத் தொங்கவிட்டார். கதவைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் மூலை மூலையாகப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். கம்பி போகும் குழியின் பலகையைத் தூக்கிப் பார்த்தார். யாரும் இல்லை. யாரும் இருக்கவும் முடியாது. அவரோடு உள்ளே வந்தது இரண்டே பேர். இருவரும் கண் முன்னால் நிற்கிறார்கள்.

தொட்டியின் மேல் காதை வைத்தார்.

இரும்பு சில்லென்று இருந்தது.

உள்ளே... எண்ணெய் அலம்பும் சத்தம். மெல்ல. ஒரு தடவை.

"ஐயா."

குரல் அவர் பிடரிக்குப் பக்கத்தில் கேட்டது. செல்லப்பன் பின்னால் நின்றான். அவன் நடந்து வந்த சத்தம் கேட்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில் நின்றும் மூச்சுக் காற்று படவில்லை.

"நான் இங்கதானே நிக்கிறேன். போடச் சொல்லுங்க."

கனகசபை பின்னால் அப்படியே நகர்ந்து, வெளியே வந்தார். மூடியை மறுபடி திறப்போம் என்று சொல்ல நினைத்தார். திறக்கும்போது செல்லப்பன் பக்கத்தில் நிற்பானே என்று பயந்தார். கதவைப் பூட்டினார்.

டெலிபோனில் தம்பிராஜா கத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, பேச்சைக் காணேல்லை? ஆலைக்காரர் என்னைத் தின்னுறாங்கள். எல்லாரும் வெளியிலயோ?"

கனகசபை செல்லப்பனைப் பார்த்தார். செல்லப்பன் அவரைப் பார்த்தான்.

"அண்ணை?"

"ஓம்... மூண்டு பேரும் வெளியில."

"விடட்டோ?"

"விடும்."

டிரான்ஸ்ஃபார்மர் இரையத் தொடங்கியது.

அந்த இரைச்சலுக்குள்...

ஒரு தட்டல்.

இன்னொன்று.

பிறகு வேகவேகமாக...

பிறகு இரைச்சல் மட்டும்.

திரும்பும் வழியில் கனகசபை டோலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் பின்னால். ஸ்கூடாய் சந்தியில் வழக்கம்போல லாரியை நிறுத்தச் சொன்னார். செல்லப்பன் வீடு அங்கே தோட்டத்து லயத்தில் இருந்தது. அவன் இறங்கினான். "நாளைக்கு லீவு எடு, செல்லப்பன்" என்றார். அவன் தலையாட்டினான். ரப்பர் மரங்களுக்குள் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவன் மனைவி பேச்சியம்மாள் ஆபீசுக்கு வந்தாள்.

"ஐயா, இவரை இன்னும் எத்தனை நாளைக்கு வெளியூர்லயே வச்சிருப்பீங்க? சொல்லி அனுப்பக்கூடாதா?"

கனகசபை எழுந்து நின்றுவிட்டார். "என்னம்மா சொல்லுறீர்? ஞாயித்துக்கிழமையே சந்தியில இறக்கிவிட்டனே!"

"ஞாயித்துக்கெழம காலையில போனவருங்க. இன்னும் வீட்டுக்கு வரல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன கண்டாளோ, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ் தேடியது. தோட்டத்து ஆட்கள் ஆற்றில் கம்பு போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கனகசபை இலாகாவின் வெள்ளைக்காரத் துரையிடம் போய் நின்றார். பெக்கான் நானாஸ் தொட்டியை மறுபடி திறக்கவேண்டும் என்றார். இந்த ஞாயிறுதானே திறந்தாய், பித்தா உனக்கு என்று துரை கத்தினார். கனகசபை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் துரை இறங்கிவந்தார்.

அடுத்த ஞாயிறு திறந்தார்கள். பேச்சியம்மாளும் வந்திருந்தாள். வராதே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மூடி மேலே எழும்பியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கனகசபை மூடவில்லை.

சுருள்கள். இரும்பு. எண்ணெய். வேறு எதுவும் இல்லை.

எண்ணெயை முழுவதும் இறக்கிப் பார்த்தார்கள். ஒரு துணிக் கிழிசல் இல்லை, ஒரு மயிர் இல்லை. திரும்ப ஊற்றியபோது மட்டும் குறை தெரிந்தது. தொட்டியில் எங்கும் ஒழுக்கு இல்லை. ஆனாலும் எண்ணெய் குறியை எட்டவில்லை. போன வாரம் மிஞ்சிய டின்னைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். சரியாகக் குறியில் வந்து நின்றது.

வீரமுத்து மறுநாளே வேலையை விட்டான். ஆயர் ஈத்தாமில் மண்பாண்டச் சூளைக்கு விறகு பிளக்கப் போய்விட்டான். பேச்சியம்மாள் தாலியைக் கழற்றவில்லை. பிணத்தைக் காணாமல் எதற்குக் கழற்றவேண்டும் என்று கேட்டாள்.

லாரி ஓட்டிய டோலா முதல் ஞாயிறு ராத்திரியே காய்ச்சலில் விழுந்து, கம்பம் என்று சொல்லும் தன் மலாய்க் கிராமத்துக்குப் போயிருந்தார். பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்ததாம். போலீஸ்காரர்கள் அவரிடம் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து மெலிந்துபோய் வேலைக்குத் திரும்பினார். செல்லப்பன் காணாமற்போன செய்தியே அவருக்குத் தெரியாது. கனகசபை சொன்னதும் டோலா கையிலிருந்த கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் பேசுவார்.

"சந்தியில இறக்கிவிட்டீங்களா? யாரை?"

"செல்லப்பனை. நீர்தானே லாரியை நிப்பாட்டினது?"

"நிறுத்தினேன். நீங்க சொன்னீங்க, நிறுத்தினேன். யாரும் இறங்கலயே, ஐயா. வெளிய பார்த்து நீங்க ஏதோ பேசினீங்க. சாமி கும்பிடுறீங்கன்னு நினைச்சேன்."

டோலா இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினார்.

"போகும்போது மூணு ஆள். வரும்போது டுவா ஓராங் சாஜா. ரெண்டே ஆள். அந்த ஒல்லி ஆளை அங்கயே காவலுக்கு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

"அவன் எங்களோட நிண்டு மூடி முறுக்கினவன், டோலா. நான் கண்ணால கண்டனான்."

டோலா இல்லை என்று தலையை மெல்ல ஆட்டினார்.

"நான் அப்போ நெருப்புப் பெட்டி கேக்க வாசலுக்கு வந்தேன், ஐயா. நீங்க ரெண்டு பேரும்தான் மூடி போட்டுக்கிட்டிருந்தீங்க. அந்த ஆளு தொட்டிக்குள்ள இருந்து கத்திக்கிட்டிருந்தாரு. ரொம்பக் கத்தினாரு. உங்க பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாரு."

"பிறகேன்... பிறகேன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?"

டோலா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"விளையாட்டுன்னு நினைச்சேன், ஐயா. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே முறுக்கினீங்க."