அலுமாரியில் இருந்த ஏகார்ப் போத்தல்

பொய் சொன்னேன். ஏகார் தீர்ந்துவிட்டது என்று நான் சொன்ன அன்று, என் அலுமாரியில் ஒரு முழுப் போத்தல் திறக்கப்படாமல் இருந்தது. இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்... அப்பாடா, நெஞ்சு எவ்வளவு இலேசாகிறது!

லிங்கநகரில் வாடகை வீடொன்றின் இரண்டு அறைகளில் வாழைத் திசுவளர்ப்பு நடத்திவந்தேன். வாழைக் குருத்தைச் சீவி, போத்தலுக்குள் களி போன்ற ஊட்டத்தில் நட்டு, கன்றாக்கி விற்கும் சிறிய நிறுவனம். அந்தக் களியை இறுகவைக்கும் தூள்தான் ஏகார். அது போர்க்காலம். கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைத் தூள் வருவதென்றால் எத்தனை சோதனைச்சாவடி, எத்தனை கேள்வி! ஆகவே என் பொய்யை எவரும் சந்தேகிக்கவில்லை.

ஏன் சொன்னேன்? கனடாவிலிருந்து அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் போக ஆசை. ஆனால் மூடப்போகிறேன் என்று ரிசானாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள்தான் என் ஒரே ஆய்வுகூட உதவியாளர். குறிஞ்சாக்கேணியிலிருந்து பாதைப்படகு ஏறி வேலைக்கு வருவாள். பழியைப் போரின்மேல் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு வசதியான போர்!

“ஏகார் முடிஞ்சுது பிள்ளை. இனி ஒண்டும் செய்ய ஏலாது” என்றேன்.

அது நோன்பு மாதம். மறுநாள், நோன்பு திறக்க வீட்டில் காய்ச்சிய கடற்பாசியில் எனக்கும் ஒரு பங்கு கொண்டுவந்தாள். பாலும் சீனியும் சேர்த்து இறுகவைத்தது. மேசையில் வைத்து, தட்டை ஆட்டிக் காட்டினாள்.

“சேர், இதுவும் இறுகித்தானே நிக்குது. எங்கட ஊர்ப் பாசிதான். செஞ்சு பாப்பமா?”

மூடப்போகிறவன் என்ன சொல்வான்? செய் என்றேன். சரிவராது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

முதலில் சரிவரவில்லைதான். உப்பு குருத்தைக் கருக்கியது. அவள் பாசியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் வெளுக்கவைத்து, மறுபடி ஊறவைத்து... விடவேயில்லை. பாசி போதாமல் போனபோது அவளுடைய நானா, மூத்த அண்ணன் நசார், கடலோரக் களப்பில் இறங்கி அள்ளிக் கொடுத்தார். ஒரு மாலை, தடைசெய்த கரைப்பக்கம் மூட்டையோடு நின்றவரை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

காலையில் ரிசானா கதவடியில் நின்றாள். “நானாவ இன்னும் விடல்ல சேர்.”

ஒரு மூட்டைப் பாசிக்காக... அலுமாரியில் போத்தல் இருக்க! அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. சேர்ட்டை மாற்றிக்கொண்டு முகாமுக்கு ஓடினேன். பாசி எங்கள் ஆய்வுகூடத்துக்குத்தான் என்று சொல்லிக் கெஞ்சினேன். மத்தியானத்துக்குப் பிறகு அவரை விட்டார்கள். முதல்நாள் மாலை பயத்தில் ஓடப் பார்த்தபோது கரையில் சிப்பி ஆழமாக வெட்டிய காலை இழுத்துக்கொண்டு நசார் வெளியே வந்தார். உயிரோடு வந்தார்! எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்வேன்? அந்த வாசலிலேயே குந்திவிட்டேன்.

சில நாளில் களி இறுகியது. குருத்துகள் பச்சை பிடித்தன. அதற்குப் பிறகு மூட மனம் வரவில்லை; நான் கனடா போகவில்லை, நிறுவனமும் பிழைத்தது. நல்லவேளை என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் போத்தலை ஒரு நாள் துறைமுகப் பக்கம் கொண்டுபோய்க் கடலில் கொட்டினேன்.

பிற்பாடு ஒரு கூட்டத்தில் கேட்டார்கள்: சிறிய உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களில் புதுமையை உந்துவது எது? “தட்டுப்பாடு” என்றேன். கை தட்டினார்கள். ரிசானாவும் தட்டினாள். எந்தத் தட்டுப்பாடு? நானே பூட்டிவைத்த தட்டுப்பாடு! உந்தியது அவளுடைய பிடிவாதம்; வேலை போய்விடுமே என்ற பயம். அதை அறிந்தும் மேடையில் வாய் திறக்கவில்லை.

இப்போதும் நோன்பு வந்தால் நசார் கடற்பாசித் தட்டோடு வருவார். அந்தக் கால் இன்னும் சரியில்லை. கதிரையில் இருந்ததும் ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்.

“நீங்க அண்டைக்கு வராட்டி நான் இல்ல சேர்.”

உங்களிடம் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அவரிடம்... “ஓம்” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். பிறகு தட்டை வாங்கி, அவர் பார்த்திருக்க, மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன்.