டொல்பின் என்ற சொல்லுக்குப் பொருள்

"நாளைக்கு எனக்குச் சாளை, தங்கச்சி. நான் வரமாட்டன்" என்று கூட வேலை செய்யும் அண்ணை சொன்னபோது நான் அந்தச் சலவைக்கூடத்தில் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஜெர்மனியில் பான் நகருக்கு வெளியே, ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் தாதியரின் உடுப்புகளையும் துவைத்து அனுப்பும் பெரிய கூடம் அது. மீன் வாங்குவதற்கு ஒருவர் லீவு எடுப்பாரா என்று நான் விழித்ததைப் பார்த்து அவரே விளக்கினார். அலுவலகங்களில் நமக்குக் குறித்துத் தரும் நேரத்தை இங்கே டெர்மீன் என்கிறார்கள். டெர்மீனுக்கு ஓசை ஒத்தது சாளை மீன். மீனை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் சாளை. சொல்லிவிட்டு, தட்டைத் தொப்பியைப் பின்னால் தள்ளி, என் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்த்தார். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு சுலபமாக வருவதில்லை. என்றாலும் வந்தது.

அண்ணை பருத்தித்துறைக்காரர். இருபத்தொரு வயதில் லண்டனுக்குப் போனவர். அங்கே கிழக்குப் பகுதியில் ஒரு தெருச் சந்தையில், வெள்ளைக்காரர் ஒருவரின் மரக்கறிக் கடையில் பதின்மூன்று வருடம் நின்றிருக்கிறார். அந்தப் பக்கத்து மனிதர்களைக் கொக்னி என்பார்கள். அவர்கள் ஒரு பொருளின் பெயரைச் சொல்ல மாட்டார்கள்; அதோடு ஓசை ஒத்த வேறு இரண்டு சொற்களைச் சொல்வார்கள், பிறகு ஓசை ஒத்த பாதியையும் விழுங்கிவிடுவார்கள். தெரிந்தவனுக்குப் புரியும், தெரியாதவன் முழிப்பான். அண்ணை அந்தப் பழக்கத்தை மனைவி இருந்த ஜெர்மனிக்குக் கொண்டுவந்து, தமிழிலும் ஜெர்மனிலும் கலந்து விளையாடினார். பாஹ்ன் என்று இங்கே ரயிலுக்குப் பெயர். அது அவருக்கு, ஊரில் சாப்பிடும் ரொட்டியான றோஸ் பாண். ஆகவே ரயில் பிந்தினால் "றோஸ் பிந்திப் போச்சு" என்பார். யாழ்ப்பாணத்துக்காரராக இருந்ததைவிடச் சந்தைக்காரராக இருந்ததுதான் தனக்குப் பொருந்தியது என்று ஒருமுறை சொன்னார். அந்தச் சந்தையில்தான் முதன்முதலாகத் தன் குரலைத் தானே விரும்பிக் கேட்டாராம்.

நான் அதற்கு நேர்மாறு. கடிதப் பெட்டியைத் திறக்கும் முன் மூச்சை இழுத்துப் பிடிப்பவள். என் வேலை ஒப்பந்தம் தற்காலிகமானது. இரண்டு முறை நீட்டியிருந்தார்கள். அடுத்த முறை நிரந்தரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிவிட வேண்டும். நிரந்தரம் இல்லாதவருக்கு நல்ல வீடு கிடைக்காது, குடியுரிமை விண்ணப்பமும் நகராது. ஆகவே யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே, என்ன பிழை விட்டேன் என்று அந்த நாளை முதலிலிருந்து புரட்டிப் பார்ப்பேன். ஈரத்துணி வண்டிகளுக்கு நடுவே அண்ணையின் குரல் கேட்டால்தான் தோள் கொஞ்சம் இறங்கும். துருக்கிப் பெண்களும் போலந்துப் பெண்களும்கூட அவரிடம் புதுச்சொல் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்படி அவர்கள் வாங்கிக்கொண்ட சொல்தான் டொல்பின். கூடத்தின் பொறுப்பாளர் ஒரு பெண். பெண் முதலாளியை இங்கே ஷெஃபின் என்பார்கள். அண்ணை அதற்குக் கடல் டொல்பின் என்று ஓசை பொருத்தினார். அவருடைய வழக்கப்படி டொல்பினை விழுங்கிவிட்டுக் கடல் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணையும் நானும் அப்படித்தான் சொன்னோம். ஆனால் மற்றவர்களின் வாயில் அந்தத் தமிழ்ச்சொல் நிற்கவில்லை. ஜெர்மனிலும் அந்தப் பிராணிக்கு ஏறக்குறைய அதே பெயர் என்பதால் டொல்பினைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் பொறுப்பாளர் உள்ளே வரும்போது ஒருத்தி "டொல்பின் வருகிறது" என்று ஜெர்மனில் சொல்ல, பத்துப் பேர் சிரித்தார்கள். பொறுப்பாளர் பருத்த உடம்புக்காரி. அவர் நின்ற இடத்திலேயே ஒரு நொடி நின்று, திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அந்த நீண்ட நடைபாதையில் என் செருப்புச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நல்லது. மேசையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் மொழிக்காரர்தானே தொடங்கினார், அந்தச் சொல் என்னைக் குறிக்கிறதா, என் உடம்பைக் குறிக்கிறதா என்று கேட்டார். அது வெறும் ஓசை, உடம்பைப் பற்றியது இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அது அவரைத்தான் குறித்தது என்பதையும், நானும் அதன் மறுபாதியைச் சொல்லிச் சிரித்தவள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேசையின் ஓரத்தில் கோப்புகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்று என்னுடையதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தெரியாது என்று சொன்னேன்.

அதன் பிறகு அண்ணையை அழைத்தார்கள். அந்த வாரமே அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இரண்டாவது வந்தால் வேலை போகலாம். வேலைத்தளத்தில் இனி ஜெர்மன் மட்டும் என்று ஓர் அறிவிப்பும் ஒட்டினார்கள். அண்ணை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து தொப்பி இல்லை. காலை வணக்கம், ஓம், இல்லை, முடிந்தது. இவ்வளவும் பிழையில்லாத ஜெர்மனில். என்னோடு தனியாக நின்றாலும் அதே மாதிரித்தான். இயந்திரங்களின் இரைச்சல் அவ்வளவு பெரியது என்று அதற்கு முன் நான் கவனித்ததில்லை. ஒவ்வொரு நாளும் அவர் என்னிடம் கேட்பார், இன்றைக்குக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசியில் பேசினார். வேலையிடத்தில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். வீட்டிலும் அவருக்குப் பேச்சில்லையாம். விடிய எழும்பி, வேலை தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே புறப்பட்டுவிடுகிறாராம். "ஆரோ பெரிய மனுசர் வந்து எங்கட வீட்டில தங்கியிருக்கிற மாதிரிக் கிடக்கு. மரியாதையான ஆள்தான். ஆனால் என்ர மனுசன் இல்லை" என்றார்.

அடுத்த நாள் நானும் முந்திய ரயிலில் போனேன். சலவைக்கூடத்துக்கு எதிரே உள்ள தரிப்பிடத்தில் அண்ணை கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயில்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கே கேட்காத குரலில் தொடங்கினேன்.

"அண்ணை, அண்டைக்கு அந்தச் சொல்லைப் பற்றி அவ என்னைக் கேட்டவா. நான் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

"தெரியும்" என்றார். "என்னையும் கேட்டவா. நானும் தெரியாதெண்டுதான் சொன்னனான். ஆரோ விசர்க்கதை கதைக்கினம், எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையெண்டு சொன்னனான். பிறகு எந்த வாயால அதைக் கதைக்கிறது?"

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை அசைத்தார். "நீர் போகாதையும். உமக்கு இன்னும் கையெழுத்து வரேல்லை." அதைக் கேட்டதும் என் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதற்காக அன்று முழுவதும் என்னை நானே வெறுத்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு, பகல் இடைவேளையில் அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நடைபாதையில் போவதைக் கண்டேன். பின்னாலேயே போனேன். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். முதலில் அவருடைய தாழ்ந்த குரல், பிறகு பொறுப்பாளரின் குரல். திடீரென்று உள்ளே அண்ணை உரத்துக் கத்தினார். மறுபடியும் கத்தினார். இரண்டாவது எச்சரிக்கை, வேலை போச்சு, நான் வாயைத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது என்று தலைக்குள் எல்லாம் ஒன்றாக ஓடியது. கதவைத் தட்டாமலே திறந்துவிட்டேன்.

அண்ணை அறையின் நடுவில் தொப்பியோடு நின்றார். ஒரு கை நீட்டியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தக் கிழக்கு லண்டன் ஆங்கிலத்தில், சொற்களின் தலையையும் வாலையும் நறுக்கி, பாட்டு மாதிரி இழுத்து, தக்காளி விற்றுக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். சிரிக்கவில்லை. ஆனால் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டிருக்கிறார், அண்ணை காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அண்ணை நிறுத்தினார். வந்துவிட்டேன், இனித் திரும்ப முடியாது. எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும், நானும் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்று உடைந்த ஜெர்மனில் சொன்னேன்.

பள்ளிக்கூடத்திலிருந்தே தனக்குப் பலவிதமான பெயர் வைத்திருக்கிறார்கள், ஓசைக்காக வைத்தாலும் கேட்கிற காதுக்கு அது தெரியாது என்றார் பொறுப்பாளர். அண்ணை மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு சொல்லை இனி யாரும் சொல்ல மாட்டார்கள் என்றும், மற்றதெல்லாம் தன்னுடையது, அதை இனி இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் கிழிக்கப்படவில்லை. சுவரில் இருந்த அறிவிப்பு மட்டும் ஒருநாள் காணாமல் போனது. என் ஒப்பந்தம் கையெழுத்தாகி வரும் வரை இன்னும் மூன்று கிழமை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணை இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் அதே கூடத்தில் பத்துப் பேருக்குப் பொறுப்பாக இருக்கிறேன். யாராவது என் அறைக்கு அழைக்கப்பட்டு வந்து நின்றால், பயம் தெரிகிறதா என்று அவர்களுடைய கையைத்தான் முதலில் பார்க்கிறேன். பயம் என்னை விட்டுப் போகவில்லை. அதோடு பேசப் பழகியிருக்கிறேன். அன்று அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் இருவரும் நடைபாதையின் பாதியில் நின்றோம். அண்ணை முகத்து வியர்வையைத் துடைத்தார். கத்தியதில் குரல் கம்மியிருந்தது. இடைவேளை முடிந்த மணி அடித்தது.

"இவ்வளவு நாளும் வேற ஆரோ வந்து என்ர வேலையைச் செய்துபோட்டுப் போனவன்" என்றார். "இண்டைக்குத்தான், தங்கச்சி, நான் வந்திருக்கிறன்."