முற்றத்தில் விழுந்த பறவைகள்

பதினேழு காலை, பதினேழு பூஜ்யம். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற கண்டக்டரக்கா இத்தனை பூஜ்யங்களை வரிசையாக எழுதியதே இல்லை.

பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில் பறவைகள் மோதிச் சாகின்றன என்பது அவளுக்குத் தெரியும். ஒன்று அவள் காலடியிலேயே விழுந்திருக்கிறது. நடைப்பயிற்சிக்காரர்கள், பேப்பர் போடுகிறவர், ஒரு பல் டாக்டர் என ஒன்பது பேரை விசில் ஊதாத குறையாகத் திரட்டினாள். முற்றத்தைச் சுற்றி வந்து, விழுந்ததை எண்ணி எழுத வேண்டும். எண்ணிக்கை இருந்தால்தான் திங்கட்கிழமை கூடும் உரிமையாளர் சங்கம் பறவைகள் கண்டு விலகும்படி கண்ணாடியில் புள்ளி ஒட்டச் சம்மதிக்கும்.

கட்டடத்தின் மேனேஜர் முற்றத்துக்குள் வர தாராளமாக அனுமதி தந்திருந்தார், ஆனால் ஏழு மணிக்கு மேல்தான். பதினேழாம் நாள் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "உங்க நோட்டையே நீங்க நம்ப மாட்டீங்களாம்மா? கூட்டத்துல அதையே படிச்சிடறேன்."

பறவை இல்லை, போகட்டும். ஓர் இறகுகூடவா இல்லை? முற்றமோ தினமும் ஈரமாக இருந்தது. அன்று மாலை நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவிக்கு அந்தக் கட்டடத்தில்தான் துப்புரவு வேலை.

"எத்தனை மணிக்குடி முற்றம் கழுவுறீங்க?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஆறரைக்குள்ளக்கா. உள்ள தரையில ஒண்ணும் கெடக்கக் கூடாதுன்னு மேனேஜர் ஆர்டர்."

"குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன். ஏன்டி சொல்லல?"

"உங்க தம்பி இடுப்பொடிஞ்சு படுத்திருக்காரு. வீட்டுல இருக்கறது இந்த ஒரு வேலை."

அக்காவுக்குக் கோபம் வடிந்துவிட்டது. "அப்ப விடு. நீ வாயைத் திறக்காத. நான் வேற வழி பாக்கறேன்."

"என்ன வழி? பூஜ்யத்தையெல்லாம் கூட்டிப் பாப்பீங்களா?" அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். "முறத்துல அள்றவ நான். சிலது இன்னும் சூடா இருக்கும்க்கா."

மறுநாள் ஏழு மணிக்கு அக்காவின் ஆட்கள் வந்தபோது வாசலுக்கு வெளியே விரித்த பேப்பரில் பதினொரு பறவைகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில், துடைப்பத்தோடு தம்பி மனைவி.

மேனேஜர் ஓடிவந்தார். "யாரு இதை இங்க போட்டது?"

"நான்தான் சார். உள்ள ஒண்ணும் கெடக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பேப்பர்காரர் பக்கென்று சிரித்துவிட்டார்.

"நாளைலேருந்து நீ வர வேணாம்."

"சரி சார். திங்கக்கிழமை வரேன்."

கண்டக்டரக்கா நோட்டில் பதினொன்று என்று எழுதினாள். 'பார்த்தவர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா தயங்கியது.

"என் பேரை எழுதுங்கக்கா. இனிஷியலோட."

அவளுடைய அடையாள அட்டையை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அக்கா கொடுத்த மனுவில், முதலில் பேசுபவர் என்ற இடத்தில் தம்பி மனைவியின் பெயர் இருக்கிறது.